வால்வு ஆம்பின் கொழகொழப்பை எடுப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோவில் கொடைக்கு மைக் கட்டுகிறவரை இன்றும் ‘ரேடியோ செட்டுக்காரர்’ என்றுதான் சொல்வோம். நான் அந்தத் தொழிலில் இல்லை. அதற்கு முந்தின தொழில், ரேடியோ ரிப்பேர். இலங்கை வானொலி கேட்ட வால்வு ரேடியோக்களைத் திறந்து திறந்துதான் கை பழகியது. அந்த ரேடியோக்கள் எல்லாம் பரணுக்குப் போன பிறகு, வால்வு என்று சொல்லி என் மேசைக்கு வருவது கிட்டார் ஆம்ப்தான், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். பாளையங்கோட்டையில் சர்ச்சுக்கு ஒரு பாடகர் குழு, குழுவுக்கு ஒரு கிட்டார்ப் பையன். அதனால் வருடத்துக்கு நாலைந்தாவது வந்துவிடும்.

இந்தத் தடவை வந்தது அக்கா மகன். பெட்டியை மேசையில் வைத்த கையோடு, “மாமா, பாதிக்கு மேல திருப்புனா ஒரே கொழகொழன்னு இருக்கு. கார்டு வாசிச்சா ஒரு நோட்டும் தனியாத் தெரியல” என்றான். யாரோ கையால் கட்டிய ஆம்ப். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டின் நகல்: முதலில் சத்தத்தைப் பெருக்கும் வால்வு 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு 6வி6 ஒன்று, ஏசியை டிசி ஆக்கும் வால்வு 5ஒய்3 ஒன்று, எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் கண்ட்ரோல், சுமார் ஐந்து வாட். டிரபிள், பேஸ் என்று எதுவும் கிடையாது. அதை வடிவமைத்த லியோ ஃபெண்டரும் நம் ஜாதிதான். 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அதனால்தானோ என்னவோ, அந்த சேசிஸைத் (எல்லாம் பொருத்திய உலோகச் சட்டம்) திறந்தால் எனக்குப் பழைய ரேடியோவின் ஆடியோ பக்கத்தைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

அவன் வரும்போதே தீர்வோடு வந்திருந்தான்: விலை கூடிய கண்டென்சர் நாலு வாங்கிப் போடலாம், பழைய ஐரோப்பிய வால்வு ஒன்று தேடலாம். நான் வேண்டாம் என்றேன். கண்டென்சரின் பெயர் ஒரு ஆம்பின் குரலை மாற்றுவதை விட, அதன் அளவு பத்து மடங்கு மாற்றும். கொழகொழப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆம்ப் திணறத் தொடங்கும், அதாவது தாங்க முடியாமல் சத்தம் உடையத் தொடங்கும், இடத்துக்கு முன்னால் பேஸ் அதிகமாகப் போய்ச் சேருகிறது. தடித்த கம்பியின் அதிர்வு வால்வை முழுக்க எடுத்துக்கொண்டால் மெல்லிய கம்பிக்கு இடமே இல்லை. திணறிய பிறகு பேஸைக் குறைத்துப் புண்ணியம் கிடையாது. அதற்கு முன்னாலேயே குறைக்க வேண்டும். கீழே வருவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் உயிர்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டாதீர்கள். இந்தச் சின்னப் பெட்டிக்குள் 350 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியை மட்டப்படுத்தும் ஃபில்ட்டர் கண்டென்சர்களில் அது தங்கும். சில ஆம்பில் சில விநாடிதான், சிலதில் மணிக்கணக்கு.

நான் செய்கிற முறை இது. ஆஃப் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து, அது என் கண்ணில் படுகிற மாதிரி மேசை மேலேயே வைப்பேன். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் இன்சுலேஷன் போட்ட வயரும் குரோக்கடைல் கிளிப்பும் பற்றவைத்து வைத்திருக்கிறேன். ஒரு கிளிப் சேசிஸில். இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையைப் பிடித்து முதல் ஃபில்ட்டர் கண்டென்சரின் பிளஸ்ஸில். பத்து விநாடி. அப்புறம் மீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபில்ட்டர் கண்டென்சராக அளந்து, ஐந்து வோல்ட்டுக்குக் கீழே போனதைப் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. கண்டென்சரும் கெடும், கண்ணும் கெடும்.

ஆன் செய்து வோல்ட் பார்க்கும்போது மீட்டரின் கறுப்பு முனை கிளிப்பாக சேசிஸில் நிற்கட்டும். இடது கை சட்டைப் பைக்குள் போகட்டும். காலில் ரப்பர் செருப்பு. பத்தமடைப் பாய் விரித்து உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். பாய் நல்ல பாய்தான், ஷாக்குக்கு அது மருந்து இல்லை.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இன்னும் ஒன்று. வீட்டில் கிடக்கிற பழைய வால்வு ரேடியோவைக் கிட்டார் ஆம்ப் ஆக்கித் தரச் சொல்லிப் பையன்கள் வருவார்கள். பின் மூடியைத் திறந்து வால்வின் பெயரைப் பாருங்கள். யுசிஎல்82, யுஒய்85 என்று ‘யு’வில் தொடங்கினால் அது பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட், சேசிஸிலேயே கரண்ட் இருக்கலாம். கிட்டார்க் கம்பி சேசிஸோடு சேர்ந்தது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டுவிட்டு அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘இ’யில் தொடங்கும் வால்வுகள், அதாவது இசிசி83, இஎல்84 மாதிரியானவை, 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) கொண்டவை. அந்த செட்டிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

வழி தெரிந்துகொள்ளுங்கள்

சேசிஸைக் கவிழ்த்துப் போட்டு, கிட்டார் சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். இந்த ஆம்பில் வழி சின்னது. 12ஏஎக்ஸ்7-ன் ஒரே குப்பிக்குள் இரண்டு பாதி உண்டு. ஜாக்கிலிருந்து 68 கிலோ ஓம் வழியாக அதன் முதல் பாதி. அதன் பிளேட்டில், அதாவது பெருகிய சத்தம் வெளியே வரும் காலில், 100 கிலோ ஓம். அங்கிருந்து 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டென்சர் (டிசியைத் தடுத்துச் சத்தத்தை மட்டும் விடுவது), 1 மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோல், வால்வின் இரண்டாம் பாதி, இன்னொரு 0.022, அப்புறம் 220 கிலோ ஓம் கிரிட் லீக்கோடு 6வி6 (கிரிட் என்பது சத்தம் உள்ளே போகும் கால், லீக் அதைப் பூமியோடு சேர்க்கும் ரெசிஸ்டர்). அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் ஒன்று திரும்பி வந்து இரண்டாம் பாதியின் கேதோடில் (வால்வுக்குள் எலெக்ட்ரான் கிளம்பும் கால்) சேரும். அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக், வெளியே போன சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டு ஆம்பை அடக்குவது.

12ஏஎக்ஸ்7-ல் 1, 2, 3 என்பது ஒரு பாதியின் பிளேட், கிரிட், கேதோடு. 6, 7, 8 இன்னொரு பாதி. எந்தப் பாதியை முதலில் பயன்படுத்தினார்கள் என்பது கட்டினவர் இஷ்டம். ஜாக்கிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். 6வி6-ல் 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேதோடு. கீழிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். இதில் தப்பாதவர் யாரும் இல்லை, நானும் சேர்த்தி.

போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள், ஒரு கார்டை வாசித்து ரெக்கார்டும் செய்து வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் வோல்ட்டேஜ் எல்லாம் எழுதுங்கள்: சுவர் பிளக்கில் எவ்வளவு, ஹீட்டரில் எவ்வளவு, ஒவ்வொரு பிளேட், ஒவ்வொரு கேதோடு. சுவர் வோல்ட்டை எழுதாமல் மற்றதை எழுதினால் அந்தக் கணக்குக்கு மதிப்பே கிடையாது. என் வீட்டிலேயே சாயங்காலம் 210 இருக்கும், நடுராத்திரி 243 காட்டும்.

ஈயம் தேவைப்படாத மாற்றங்கள்

ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள். எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் சின்னப் பெட்டிக்குள் இருந்தால் அதற்கு ஒரு மூக்கடைத்த குரல் உண்டு. ஓம் அளவு பொருந்துகிற பத்து அல்லது பன்னிரண்டு இஞ்ச் கேபினெட் ஒன்றை நண்பனிடம் வாங்கி ஒரு மணி நேரம் இணைத்துப் பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இதிலேயே முடிந்துவிடும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி மூன்று டெசிபல் கூடினால், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினதுக்குச் சமம். ஐந்து வாட் ஆம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது வால்வு மாற்றுவது. 12ஏஎக்ஸ்7-ன் பெருக்கு எண் 100. 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு சுமார் 44, 12ஏயு7-க்கு இருபதுக்கும் கீழே. எல்லாமே அதே சாக்கெட்டில் உட்காரும். பெரிய ஆம்புகளில் முதல் வால்வை மட்டும் இப்படி மாற்றினால் கொஞ்சம் அமைதியாகும், அவ்வளவுதான். சாம்ப்பில் இரண்டு பாதியும் ஒரே குப்பிக்குள் இருக்கின்றன, அதை மறக்கக் கூடாது. அதனால் குறைவதும் இரண்டு தடவை குறையும். 12ஏயு7 போட்டால் கிட்டார் வாசிக்கிறதா, பக்கத்து வீட்டில் வாசிக்கிறார்களா என்று தோன்றும். 5751 கிடைத்தால் அது நல்ல நடு வழி. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த இசிசி83 பழைய ரேடியோக் கடைகளில் இன்னும் தட்டுப்படும். இசிசி83-ம் 12ஏஎக்ஸ்7-ம் ஒன்றேதான். டப்பாவில் எழுதியிருப்பதை நம்பாமல் குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

மருமகனுடைய ஆம்பில் 5751 போட்டதும் திணறல் தள்ளிப்போனது. கொழகொழப்பு அப்படியேதான் இருந்தது, பாதியில் வந்தது முக்காலில் வந்தது. பேஸின் அளவு மாறவில்லையே, எப்படி மாறும்? பழைய வால்வையே திரும்ப மாட்டிவிட்டு சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

கேதோடு கண்டென்சர்: இங்கேதான் பெரிய பலன்

12ஏஎக்ஸ்7-ன் முதல் பாதியின் கேதோடிலிருந்து பூமிக்கு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போகும். அதற்குப் பக்கத்திலேயே அணைத்தபடி ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், பெரும்பாலும் 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். சிலர் கட்டியதில் இது இருக்காது. இருந்தால் அந்தப் பாதி முழு பலத்தோடு பெருக்கும். இல்லாவிட்டால் சுமார் ஆறு டெசிபல் குறைவாகப் பெருக்கும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: டிரபிளுக்கு முழு பலம், பேஸுக்குக் குறைந்த பலம். கண்டென்சரின் அளவைக் குறைத்தால் அதுதான் நடக்கும்.

இந்த ரெசிஸ்டர்களை வைத்துக் கணக்குப் போட்டால், 25 மைக்ரோஃபாரட் எட்டு ஹெர்ட்ஸ் வரைக்கும் முழு பலம் கொடுக்கிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே கொடுத்து யாருக்கு என்ன லாபம்? 4.7 போட்டால், பலம் குறையத் தொடங்கும் அந்தத் திருப்புமுனை 44-க்கு வரும். 2.2-க்கு 93. 1 மைக்ரோஃபாரடுக்கு சுமார் 200. 0.68-க்கு 300, அதாவது மெல்லிய ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் வருகிற 330 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். மார்ஷல் ஆம்புகளின் அந்தக் கடிக்கிற குரலில் இந்த 0.68-க்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் அதை 2.7 கிலோ ஓமோடு வைத்தார்கள்.

கேதோடில் ஒன்று அல்லது ஒன்றரை வோல்ட்தான் இருக்கும். கண்டென்சருக்கு 50 அல்லது 63 வோல்ட் தாராளம். ஃபிலிம் வகை வாங்குங்கள், பிளஸ் மைனஸ் தொல்லை இல்லை. மேலே 684 என்று இருந்தால் 0.68, 105 என்றால் 1, 225 என்றால் 2.2 மைக்ரோஃபாரட். எலெக்ட்ரோலிட்டிக் போட்டால் பிளஸ் கேதோடு பக்கம்.

வேலை இப்படி. ஆஃப், பிளக், டிஸ்சார்ஜ், மீட்டர். பழைய 25-ஐ முழுக்கக் கழற்ற வேண்டாம். கேதோடு பக்கத்துக் காலை மட்டும் ஈயத்தை உருக்கி விடுவித்து, எதிலும் படாமல் ஒரு ஸ்லீவ் போட்டு வளைத்து வையுங்கள். அந்த இடத்தில் இரண்டு சின்ன வயரைப் பற்றவைத்து சேசிஸுக்கு வெளியே கொண்டுவந்து, முனைகளில் கிளிப் போடுங்கள். இனி வேண்டிய கண்டென்சரை வெளியிலேயே மாட்டி மாட்டிப் பார்க்கலாம். வோல்ட் குறைவான இடம் என்பதால் இங்கே மட்டும்தான் இந்தக் கிளிப் வேலை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஆஃப் செய்யுங்கள். வயர் நீளமாக இருந்தால் கொஞ்சம் ஹம் (கரண்டின் இரைச்சல்) வரும். நிரந்தரமாகப் பற்றவைத்ததும் போய்விடும்.

நாங்கள் 0.68-ல் தொடங்கினோம். மொட்டைமாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் ஒரு ஈ மேஜர் கார்டைப் போட்டான். முதல் தடவையாக ஆறு கம்பியும் ஆறாகக் கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. “இதையே வையுங்க மாமா.” நான் விடவில்லை. வால்யூமைக் குறைத்துத் தனியாக ஒரு பல்லவியை வாசிக்கச் சொன்னேன். பாட்டு மெலிந்து போயிருந்தது, சொதியில் முதல் பால் ஊற்றாத மாதிரி. 1 மைக்ரோஃபாரட் போட்டதும் இரண்டுக்கும் சமாதானம் ஆனது. இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரமும் இரண்டு காப்பியும் ஆயின. அந்த நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

கப்ளிங் கண்டென்சர்கள்

இங்கே வோல்ட் கூடுதல். ஒரு காலில் 150 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆன் செய்யும் கணத்தில், வால்வு சூடாகும் முன், அது இன்னும் ஏறும். அதனால் 400 வோல்ட்டுக்குக் குறைந்த கண்டென்சரைத் தொடாதீர்கள். 630 கிடைத்தால் நிம்மதி. கிளிப் போட்டுப் பார்க்கிற விளையாட்டு இங்கே கூடாது, ஒவ்வொன்றையும் பற்றவைத்தே கேளுங்கள்.

இரண்டு இடத்தில் ஒரே 0.022 இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முதலாவதற்குப் பின்னால் 1 மெகா ஓம் இருப்பதால் அது 7 ஹெர்ட்ஸ் வரைக்கும் விட்டுவிடும். இரண்டாவதற்குப் பின்னால் 220 கிலோ ஓம்தான், அதனால் 33 ஹெர்ட்ஸ். இரண்டாவதை 0.01 ஆக்கினால் 72-க்கு ஏறும். 0.0047 ஆக்கினால் 154. என் அனுபவத்தில் இந்த ஆம்பில் கைவைக்க வேண்டியது இரண்டாவதில்தான், ஏனென்றால் பெரிய திணறல் நடப்பது 6வி6-ல்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் 6வி6-ன் கிரிட் கொஞ்சம் கரண்டை உறிஞ்சும், அந்த நேரம் கப்ளிங் கண்டென்சர் சார்ஜ் ஆகிவிடும். அது வடியும் வரை வால்வு பாதி மூடியே கிடக்கும். ஓங்கி மீட்டியதும் சத்தம் ‘பொத்’தென்று அமுங்கி, தும்மல் வந்து அடங்கின மாதிரி அப்புறம் எழும்பி வருவதைக் கேட்டிருப்பீர்கள். யாராவது பேஸ் வேண்டும் என்று அங்கே 0.1 போட்டிருந்தால் 220 கிலோ ஓமோடு அது பெரும்பகுதி வடியவே 22 மில்லி விநாடி பிடிக்கும். 0.022-க்கு ஐந்துக்கும் குறைவு. 0.01-க்கு இரண்டு சொச்சம். கொழகொழப்பில் பாதி இந்தத் தும்மல்தான்.

நாங்கள் அவசரப்பட்டு 0.0047 போட்டோம். கேதோடில் ஏற்கனவே 1 மைக்ரோஃபாரட் பேஸை அறுத்திருந்ததால் இரண்டும் சேர்ந்து தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. 0.01-ல் சரியாக நின்றது. முதல் கப்ளிங்கைத் தொடவே இல்லை. கண்டென்சரில் 0.01-க்கு 103, 0.0047-க்கு 472, 0.022-க்கு 223 என்று இருக்கும். திருநெல்வேலியில் 630 வோல்ட் ஃபிலிம் எல்லா அளவிலும் கிடைப்பது கஷ்டம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லி எல்லா அளவிலும் நாலு நாலு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

போட்ட பிறகு ஒரு சோதனை. கிட்டாரைக் கழற்றிவிட்டு, ஆம்பை ஆன் செய்து, 6வி6-ன் 5-வது காலில் டிசி அளந்து பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். பிளஸ்ஸில் அரை வோல்ட் காட்டினால் கண்டென்சர் கசிகிறது, அல்லது வால்வு சரியில்லை. கசிகிற கப்ளிங் கண்டென்சர் 6வி6-ஐச் சிவக்க வைத்துக் கொல்லும்.

பிரைட் கண்டென்சர்

வால்யூம் கண்ட்ரோலின் சத்தம் வருகிற காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 100 அல்லது 120 பிகோஃபாரட். வால்யூம் குறைவாக இருக்கும்போது டிரபிள் மட்டும் குறுக்கு வழியில் தாண்டிப் போகும். முழுக்கத் திறந்தால் அதற்கு வேலை இல்லை. ஹம்பக்கர் (இரட்டைக் காயில்) பிக்கப் உள்ள கிட்டாருக்கு இது உதவும். மருமகனுடையது சிங்கிள் காயில், அதனால் காதைக் குத்தியது. கழற்றிவிட்டோம்.

ஃபீட்பேக்குக்கு ஒரு சுவிட்ச்

ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருகிற அந்த 22 கிலோ ஓம் ஆம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அதை அறுத்தால் சத்தம் கூடும், நடு ஸ்தாயி முன்னால் வரும், திணறல் சீக்கிரம் தொடங்கும், பேஸ் தளரும். பேஸைத்தான் ஏற்கனவே ஒழுங்குபடுத்திவிட்டோமே, இப்போது அறுத்துப் பார்க்கலாம். இதை முதலிலேயே செய்திருந்தால் கொழகொழப்பு இரண்டு பங்காகி, ஃபீட்பேக்கை எடுக்கக் கூடாது என்று தப்பான பாடம் படித்திருப்போம்.

ஒரு சின்ன டாகிள் சுவிட்சை அந்த ரெசிஸ்டரோடு வரிசையில் போடுங்கள். சேசிஸில் புது ஓட்டை போட மனசில்லை என்றால் இரண்டாவது இன்புட் ஜாக்கை எடுத்துவிட்டு அந்த ஓட்டையிலேயே வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஃபீட்பேக் உள்ளே, மொட்டைமாடிக்கு வெளியே. நடுவில் ஒன்று வேண்டுமென்றால் 22-க்குப் பதில் 47 கிலோ ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய பிறகு ஃபீட்பேக்கை இணைத்ததும் ஆம்ப் ஊளையிட்டால், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.

6வி6 சூடு

குரலுக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் இதைப் பார்க்காமல் மூடாதீர்கள். ராத்திரி 243 வோல்ட்டில் எங்கள் ஆம்பை அளந்தேன். 6வி6 பிளேட்டில் 352, கேதோடில் 21.5. கேதோடு ரெசிஸ்டர் 470 ஓம். 21.5-ஐ 470-ஆல் வகுத்தால் 45.7 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்கு ஐந்து சதவீதம் கழித்தால் பிளேட்டுக்கு 43.5. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவில் சுமார் 331 வோல்ட். பெருக்கினால் 14.4 வாட். 6வி6-க்குப் பழைய கையேட்டில் 12 வாட்தான். பின்னால் வந்த 6வி6ஜிடிஏ-வுக்கு 14. விளக்கை அணைத்துப் பார்த்தேன். பிளேட்டின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

470-ஐ எடுத்துவிட்டு 680 ஓம், 5 வாட் போட்டேன். பிளேட் 360, கேதோடு 25 வோல்ட், சுமார் 11.7 வாட். சிவப்பு போய்விட்டது. ஆனால் பக்கத்தில் நிற்கிற கேதோடு கண்டென்சரின் மேல் ‘25 வோல்ட்’ என்று எழுதியிருக்கிறது! அது வெடிக்கும் முன் 50 வோல்ட் ஒன்று போட்டேன். ரெசிஸ்டரை மாற்றுகிறவர் பலரும் மறக்கிற இடம் இது.

ஹீட்டரையும் பாருங்கள். 6.3-க்கு மேலும் கீழும் பத்து சதவீதம், அதாவது 5.7-லிருந்து 6.9 வரை பரவாயில்லை. 7-ஐத் தொட்டால் வால்வின் ஆயுள் குறையும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டுகிறவர்கள் அதன் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியது நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சுடும்.

கைவைக்கக் கூடாதவை

ஹம் போக வேண்டும் என்று முதல் ஃபில்ட்டர் கண்டென்சரை 100 மைக்ரோஃபாரட் ஆக்காதீர்கள். 5ஒய்3 அதைத் தாங்காது. 16-லிருந்து 22 வரை போதும். அதற்கு அடுத்த ஃபில்ட்டர்களைக் கூட்டலாம்.

5ஒய்3-க்குப் பதில் டயோடோ ஜிஇசட்34 வால்வோ போட்டால் வோல்ட் ஏறும், மேலே சொன்ன சூட்டுக் கணக்கு முழுக்க மாறும். அழுத்தி மீட்டும்போது மெல்லத் தாழ்ந்து எழும்புகிற அந்தச் சுகமும் போய்விடும். 6வி6 இடத்தில் 6எல்6 உட்காரும்தான். ஆனால் ஹீட்டருக்கு 0.45-க்குப் பதில் 0.9 ஆம்பியர் கேட்கும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அவிந்துவிடும். இஎல்34-க்கு 1.5 ஆம்பியர், அந்தப் பேச்சே வேண்டாம்.

ஹம் வருகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் வயரை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆம்ப் வந்தபோதும் யாரோ வெட்டித்தான் வைத்திருந்தார். கிட்டார்க் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் இருக்கிற பையனுக்கு அதைவிடப் பெரிய தீங்கு கிடையாது. முதல் வேலையாக அதைச் சேர்த்தேன். ஹம்மின் காரணம் வேறு: ஹீட்டர் வயர்கள் முறுக்காமல் கிரிட் வயரோடு ஒட்டிக் கிடந்தன. முறுக்கி, மூலையில் தள்ளி வைத்ததும் அடங்கியது.

மூடும் முன்

வெட்டின வயர்த் துண்டு, ஈயத் துளி உள்ளே கிடக்கிறதா என்று சேசிஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒவ்வொரு பற்றும் பளபளவென்று இருக்க வேண்டும்; மங்கலாக உருண்டு நின்றால் திரும்ப உருக்குங்கள். அப்புறம் சீரிஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸோடு வரிசையில் போட்டு ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். தவறு பல்போடு போயிற்று, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. பல்பு இருக்கும்போது அளக்கிற வோல்ட் எல்லாம் குறைவாகக் காட்டும், அதை நோட்டில் எழுத வேண்டாம்.

பல்பை எடுத்துவிட்டு அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். முன்னால் எடுத்த ரெக்கார்டிங்கோடு ஒப்பிட, போன் அதே இடத்தில், வால்யூம் அதே எண்ணில், வாசிப்பது அதே கார்டு. சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும், அதனால் அளவைச் சமமாக வைத்தே கேளுங்கள்.

பழைய ரேடியோப் பெட்டிகளின் உள்ளே சர்க்யூட் படத்தை ஒட்டியிருப்பார்கள். நாற்பது வருஷம் கழித்துத் திறந்தவனுக்கு அது எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியும். அதனால் மருமகனையே எழுதச் சொல்லி, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டினோம்: “முதல் கேதோடு 25 இருந்தது, 1 போட்டது. 6வி6 கப்ளிங் 0.022 இருந்தது, 0.01 போட்டது. 6வி6 கேதோடு 470 இருந்தது, 680. கண்டென்சர் 50 வோல்ட். ஃபீட்பேக் சுவிட்ச், மேலே தள்ளினால் ஆன். எர்த் வயரை வெட்டாதே.” கடைசி வரி நான் சொன்னது இல்லை, அவனாகவே சேர்த்தது.